வெள்ளிக்கிழமைச் சேறு

நேற்று மாலை மகள் டியூஷன் முடிந்து வந்து, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினாள். நான் உடனே குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். கதவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்னாம்மா பாக்குற?" என்றாள்.

"காத்து இருக்குதான்னு பாக்குறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது என் வாக்கியமே இல்லை, அப்பாவுடையது.

சின்னச் சக்கரம் வைத்த மினி சைக்கிளை நீங்களும் ஓட்டியிருப்பீர்கள். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், பெண்கள் பலருக்கும் அதுதான் வண்டி. சேலையோ சுடிதாரோ, ஏறி இறங்கச் சுலபம். பயந்தால் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிவிடலாம். என்னைப் போன்றவளுக்கென்றே செய்தது. என்ன, எவ்வளவு மிதித்தாலும் கொஞ்சம்தான் நகரும். கேட்டைத் திறக்கும்போதெல்லாம் வாட்ச்மேன், "பொறுமையா மிதிம்மா, சைக்கிளுக்கு மூச்சு வாங்குது" என்பார்.

கம்பெனி ஆபீஸில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா சைக்கிள் அருகே குனிவார். கேட்டால், "காத்து பாக்குறேன்" என்பார். அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன், அந்த வெள்ளிக்கிழமை வரை.

"இந்தச் சேறு எங்க பட்டுச்சு?"

மட்கார்டின் உள்பக்கம் சாம்பலும் நீலமுமாக ஒட்டியிருந்தது. அப்பா விரலால் தொட்டு முகர்ந்தார். தோல் பதனிடும் டேனரியிலேயே காலம் தள்ளியவர். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், டேனரிக் கால்வாய் ஓரத்தில்தான் அந்தச் சேறு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து கம்பெனிக்கு நேர் ரோடு. லைனைத் தாண்டவே வேண்டியதில்லை.

"கம்பெனிக்குத்தாம்பா போனேன்."

"சைக்கிளு வேற இன்னாவோ சொல்லுதே."

அடுத்த வெள்ளியும் அதே சேறு. அப்பா சத்தம் போடவில்லை. அம்மாவிடம் மட்டும், "இன்னொரு தபா இப்படி வந்தா வேலைய நிறுத்திடலாம்" என்றார். ஒரு கணம் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. நினைவில்லாமல் எங்காவது போகிறேனோ?

ஏன் வெள்ளிக்கிழமை மட்டும்? அன்று ஜும்மா தொழுகை. சாப்பாட்டு இடைவேளை நீளம். மெஷின்கள் ஓய்ந்து, தோலும் பசையும் கலந்த வாசனை மட்டும் நின்றிருக்கும். ஆபீஸில் நாங்கள் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்குவோம். சைக்கிள் சாவி வராந்தாவில் ஆணியில் தொங்கும் என் சாப்பாட்டுப் பைக்குள். வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன். எலக்ட்ரீஷியனைச் சந்தேகப்பட்டேன்; அவன் ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்திருந்தான், அது போதாதா?

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாப்பிடப் போகாமல், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளின் மறைவில் நின்றேன். வந்தது ஸ்டெல்லா. தையல் லைனில் வேலை, தினமும் என் குழம்பில் பங்கு கேட்கிற தோழி. நெட்டையான பெண். முழங்கால்கள் ஹேண்டில்பாரில் இடிக்க, தவளைபோலக் கால்களை அகட்டி மிதித்துப் போனாள். வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். மணி அடிப்பதற்குள் திரும்பிவிட்டாள், மேலெல்லாம் குழந்தைப் பவுடர் வாசனையோடு.

"எங்கடி போன?"

"கொழந்தைக்குப் பால் குடுக்க. எங்கம்மா வீட்ல இருக்கறான், லைனுக்கு அந்தாண்ட. மத்த நாள்ல டைம் பத்தாது."

"என்னைக் கேக்கறதுக்கு இன்னா?"

"பால் குடிக்கிற புள்ள இருக்குதுன்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கடி. கேட்டா நீ குடுப்ப. ஆனா எவனாச்சும் உன்னக் கேட்டா உனக்குப் பொய் சொல்ல வராதே."

அவள் சொன்னதையும் நான் முழுசாக நம்பவில்லை. அப்பாவின் மகளாயிற்றே. அன்று மாலை கேரியரில் அவளை உட்காரவைத்து, சேற்றைத் துடைக்காமல் எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போனேன்.

"அங்கிள், அந்தச் சேறு என்னுது" என்றாள் ஸ்டெல்லா.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கொழந்த பேரு இன்னா? எந்தத் தெரு? உங்கப்பா எந்த டேனரி?" கோர்ட்டில் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்தத் தெருவுக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாராம். அம்மா பிறகு சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பம்பை எடுத்து என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்துதானேப்பா அடிச்சேன்?"

"ஒயரமான பொண்ணு. காத்து ஜாஸ்தி வேணும்."

நான் வேலையை விட்டது கல்யாணத்துக்குத்தான். அப்பா இப்போது இல்லை. ஸ்டெல்லா ராணிப்பேட்டை பக்கம் போனாள் என்பதோடு செய்தி நின்றுவிட்டது. இப்போதெல்லாம் பெண்களைக் கம்பெனி பஸ் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறது. அந்தக் கால்வாயையும் சிமெண்ட் பலகை போட்டு மூடிவிட்டார்கள்.

இங்கே சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முழுக்க சிமெண்ட் ரோடு. மகள் உள்ளே போனதும் மறுபடி குனிந்து, டயரில் விரல் வைத்து முகர்ந்தேன். வெறும் ரப்பர் வாசனை. எங்கே போய் வந்தாள் என்று சொல்ல, ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை.