ஸ்டென்டாருக்குச் சுறாப்புட்டு

சுதந்திரம் வந்த புதிதில் நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் ஒரு பாசிக்குளத்தில் ஸ்டென்டார் இருக்கிறது என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஒரே ஒரு செல்லால் ஆன பிராணி அது. நீலப்பச்சை நிறம், குட்டி நாதஸ்வரம் மாதிரி உருவம். புத்தகத்தில் இருப்பது நம் ஊர்க் குளத்துக்கு வருமா என்று அவர்களுக்குச் சந்தேகம். பேராசிரியர் மட்டும் சிரிக்காமல் ஒரு பழைய பித்தளை மைக்ராஸ்கோப்பைக் கையில் கொடுத்து, "திங்கட்கிழமை உயிரோடு கொண்டுவந்து காட்டு. இல்லையென்றால் இந்த வருஷம் முழுக்க நீ மைக்ராஸ்கோப்பைத் தொடக்கூடாது" என்றார்.

காலடிப்பேட்டையில் நான் வாடகைக்கு இருந்த அறையில், கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்திருந்த குளத்துத் தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்று சிக்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அக்கா வந்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். குரல் எண்ணூர் வரை கேட்கும்.

"இன்னா நைனா, வூட்டுக்குள்ள கலீஜ் தண்ணிய கொண்டாந்து வெச்சிகினு கீற?"

சண்டைக்குப் பயந்து, "நீங்களே பாருங்க அக்கா" என்று நகர்ந்துகொண்டேன்.

பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. "அய்யோ, நடுவுல இறுக்குதே! இதுக்கு இடுப்பு வலி வந்துட்ச்சு நைனா" என்றார். பிராணி இரண்டாகப் பிரிய ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப் என் கைக்கு வரவில்லை. சாயங்காலம் வரை அவர்தான் பிரசவம் பார்த்தார். தெருவில் பம்பரம் விட்ட பையன்களைக்கூட, சத்தம் போடாதே என்று சத்தம் போட்டுத் துரத்தினார்.

"ரெண்டுல எது ஆத்தா, எது புள்ள?"

"அம்மாவே ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு அக்கா. எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அவர் வெகுநேரம் யோசித்தார். அறிவியல் ஆர்வம் என்று நினைத்து நான் பூரித்துப்போனேன்.

திங்கள் காலை குளித்துவிட்டு வந்தால், கிண்ணத்தில் மஞ்சளும் பூண்டும் மிதக்கின்றன.

"சுறாப்புட்டு நைனா. பெத்தவளுக்கு இத்த குடுத்தாத்தான் பாலு ஊறும். எது ஆத்தான்னு உனுக்கே தெர்லன்ன. அதான் ரெண்டுக்கும் போட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், புட்டோடு சேர்த்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பேராசிரியர் முதலில் முகர்ந்தார். பிறகு குனிந்து தேடினார்.

"எங்கே?"

"செத்துப்போச்சு சார்."

"எப்படி?"

"பிரசவத்துக்கு அப்புறம் சார்."

வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் மைக்ராஸ்கோப் அலமாரிக்குள் போய்விட்டது. சாவி பேராசிரியரின் சட்டைப்பையில்.

திரும்பும் வழியெல்லாம் அந்த அக்காவை என்னென்ன திட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் மீன்கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டும் நல்லா கீதா நைனா?"

திட்ட வந்தவன் கூடையை இறக்கக் கை கொடுத்தேன். "நல்லா இருக்கு அக்கா. காலேஜ்லயே வெச்சிக்கிட்டாங்க."

அவருக்கு முகமெல்லாம் பல். தெருப் பக்கம் திரும்பி, எண்ணூர் வரை கேட்கும் அந்தக் குரலில் சொன்னார்: "கேட்டீங்களாடி? நம்ம வூட்ல பொறந்தது ரெண்டும் காலேஜ்ல கீது!"