சாணக் குழிக்கு ஒரு சட்டம்

சட்டமன்றத்துக்கு வருவதற்கு முன் அவள் பள்ளி வேன் ஓட்டியவள். உறுப்பினரானதுமே விவசாயக் குழுவில் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு மசோதா இழுபறியாகக் கிடந்தது. மாட்டுப் பண்ணைகள் சாணக் குழியை மூடி, அதிலிருந்து கிளம்பி பூமியைச் சூடாக்கும் வாயுவைப் பிடிக்க வேண்டும். பெட்ரோல் புகையும் பூமியைச் சூடாக்குவதால், அதற்கு ஈடாக இந்தச் செலவை எண்ணெய் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். அவர்களோ அதை அப்படியே பெட்ரோல் விலையில் ஏற்றிவிடுவார்கள்.

அவளுடைய அண்ணனுக்கு மாட்டுப் பண்ணை. கணவன் வாடகைக் கார் ஓட்டுபவன்.

"குழிய மூட ஆளைக் கூப்பிடுறதா, விடுறதாம்மா?" என்று அண்ணன் போனில் நச்சரிப்பார்.

"உங்க அண்ணன் வீட்டுச் சாணிக்கு நான் எதுக்குத் தண்டம் அழணும்?" என்று கணவன் எரிந்து விழுவான்.

அன்றைக்கும் குழுவில், வாயு மாட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். தலைவர், "அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்" என்று எழுந்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை தடவைதான் பார்ப்பீங்க ஐயா? பெட்ரோல் விலைய இதுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு ஒரு வரம்பு போட்டு, இப்பவே கை தூக்கச் சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னாவது சொல்லித் தொலைப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்கள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் மசோதா தேறியது.

வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணனின் போன். "வரம்பு போட்டா கம்பெனிக்காரன் கையை இறுக்கிடுவானே, எங்களுக்கு என்னம்மா வந்து சேரும்?"

"கொஞ்சமா ஏறினாலும் ஏறினதுதானே?" என்றான் சோபாவிலிருந்த கணவன்.

"ரெண்டு பேரும் நீங்களே பேசிக்கோங்க" என்று போனை அவன் மடியில் போட்டுவிட்டு, அவள் முகம் கழுவப் போனாள்.