நியூ ஜெர்சியும் பெரட்டு மணியும்

போன மாதம் நியூ ஜெர்சியில் இருந்தேன், தங்கை மகன் சேகர் வீட்டில். நம்ம ஊர் ராசாவில் பிறந்து வளர்ந்த பையன்... இப்போது அமெரிக்காவாசி.

காரில் வைத்து ஊர் ஊராகக் காட்டினான். ரொம்பச் சின்ன மாநிலம். ஆனால் அமெரிக்காவிலேயே ஜன நெருக்கம் இங்கேதான் அதிகம். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ யார்க். தக்காளி, சோளம் எல்லாம் விளைகிறது. அதற்கு நடுவே ஹைவே, ஃபேக்டரி, வீட்டோடு வீடு. பல ஊர்களில் கடற்கரையில் கால் வைக்கப் பாஸ் வாங்க வேண்டுமாம். கடலுக்குமா டிக்கெட்?

"எங்க பார்த்தாலும் ஆளுங்க மாமா. மூச்சு முட்டுது லா," என்று நம்ம ஊர்ப் பேச்சு மாறாமல் அலுத்துக்கொண்டான்.

எனக்குச் சுர்ரென்றது. ஆளே இல்லாமல் போன இடத்தைப் பார்த்தவன் நான். ஜப்பான்காரன் காலத்தில், கோலா பிலா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். என் அப்பாவையும்தான். அவர் திரும்பவே இல்லை.

அதைச் சொன்னேன். "கூப்பிட்டா போயிடுறதா? தாத்தா காட்டுக்குள்ள ஓடியிருக்கலாமே?" என்றான் சேகர்.

வந்ததே கோபம்!

"யாருடா கூப்பிட்டான்? பெரட்டு மணி அடிச்சான்டா," என்றேன்.

விடியற்காலையில் மணி அடித்ததும் மொத்தத் தோட்டமும் வந்து வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. தாமதமானால் பேர் விழாது, அன்றைய கூலி போச்சு. வெள்ளைக்காரத் துரை பழக்கியது. காய்ச்சலோடும் வந்து நிற்பார்கள். ஜப்பான்காரனுக்கு எந்தப் பாவி சொல்லிக்கொடுத்தானோ!

அப்பாவைக் கொண்டுபோன அன்று வேலையில்லாத நாள். மத்தியானம் மணி அடித்தது. அப்பா மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்.

"இந்நேரத்துல என்ன பெரட்டு?" என்றார் அம்மா.

"பேரு போயிடும் புள்ள," என்று கைகூடக் கழுவாமல் ஓடினார் அப்பா.

அங்கே லாரிகள் நின்றன. யாரையும் துரத்தவில்லை, கட்டி இழுக்கவில்லை. அவர்களே வரிசையில் நின்று கொடுத்தார்கள். துப்பாக்கி பிடித்தவனை மன்னித்தாலும் மன்னிப்பேன்... மணிக்கு நிற்கப் பழக்கினானே, அவனை மன்னிக்கவே மாட்டேன்.



மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று ஊரே அதிர ஒரு சைரன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன் — நானும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதானே?

"ஒண்ணுமில்ல மாமா, ஃபயர் ஸ்டேஷன் சைரன். தினமும் ஊதுவான். வந்து சாப்பிடுங்க," என்றான் சேகர், மெதுவாக.

நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் கார் கழுவினார்கள். அவ்வளவு ஜனத்தில் ஒருத்தர்கூட வந்து வரிசையில் நிற்கவில்லை.

கூட்டமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்!