முருகனுக்கு வந்த வான்கோழி

டொக்டர் எனக்குச் சீனி வருத்தம் எண்டு சொன்னதாலதான் நான் வேட்டைக்காரர் சங்கத்தில சேர்ந்தனான். இதைக் கேட்டு ஆரும் சிரிச்சால் நான் கோவிக்கிறேல்லை, எனக்கே சிரிப்புத்தான். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள் நான். வருஷப்பிறப்புக்கு இஞ்சத்தைச் சனம் வெடி கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கை போய் இருப்பன். அப்படிப்பட்ட நான் இண்டைக்குப் பச்சைத் தொப்பி போட்டு, அதில ஒரு இலைக்கொப்பும் குத்திக்கொண்டு திரியிறன் எண்டால், எல்லாத்துக்கும் காரணம் ஒரு வான்கோழி.

ஒவ்வொரு நாளும் நடக்க வேணும் எண்டு டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். நாங்கள் இருக்கிறது கொலோனுக்கு வெளியால, காட்டோரமா ஒரு சின்ன இடம். முதியோர் இல்லத்துக் குசினியில சமையல் வேலை முடிய, நான் சப்பாத்தை மாத்திக்கொண்டு காட்டுக்கை இறங்கிடுவன். என்ர மனிசனையும் வாங்கோ எண்டு கேட்டுப் பார்த்தன். ஏலாதாம், கோயிலில வேலை இருக்காம். பென்சன் எடுத்த நாளில இருந்து இவர் கோயில் செயலாளர். காலமை போனால், அங்கயே பொங்கல் புக்கையும் வடையும் திண்டுபோட்டு, இருண்டாப்பிறகுதான் வீடு. நான் வீட்டில சமைச்சு வைச்ச புட்டு எனக்கும் குளிர்ப்பெட்டிக்கும்தான்.

ஒரு நாள் காட்டுப் பாதை நடுவில ஒரு வான்கோழி நிண்டுது. சேவல். எங்கட ஊரில நத்தார் பண்டிகைக்கு வளர்க்கிற சாமான் இல்லை இது, காட்டுச் சாதி. வாலை விரிச்சுக்கொண்டு, வழி விடமாட்டன் எண்டு நிக்குது. எனக்கு அண்டைக்குக் குசினியில ஒரு பிரச்சினை, ஏற்கெனவே விசர். "விலத்தடா மூதேசி, உன்ர அப்பன்ர றோட்டோ இது" எண்டு கத்தினன். அது கழுத்தை நீட்டி, களகளகள எண்டு மறுமொழி சொல்லிச்சுது. எனக்கு இன்னும் ஏறிச்சு. நான் ஏச, அது சொல்ல, நான் ஏச, அது சொல்ல, இப்பிடியே கொஞ்ச நேரம் சண்டை போச்சு.

அப்பதான் பக்கத்துப் புதர்ப் பற்றைக்கை இருந்து ஒரு வெள்ளைக்கார மனிசி எழும்பினா. உடம்பு முழுக்கப் பச்சை உடுப்பு, கையில ஒரு சின்ன மரப்பெட்டி, கண் இரண்டும் கலங்கியிருக்கு. அந்தப் பெட்டியை உரஞ்சினால் பேட்டுக்கோழி கூப்பிடுற சத்தம் வருமாம். கிழமைக்கணக்கா அவ பற்றைக்கை படுத்துக் கிடந்து உரஞ்சியும் அந்தச் சேவல் வாயே திறக்கேல்லையாம். நீங்கள் அதுக்கு என்ன சொன்னீங்கள் எண்டு கேட்டா. அதைச் சொல்லேலாது எண்டு சொன்னன். அடுத்த கிழமை நான் அவையின்ர சங்கத்தில வான்கோழிப் பிரிவுக்கு உறுப்பினர்.

அந்த மனிசிதான் பிரிவுக்குத் தலைவி. முந்தி பஸ் ஓட்டினவ, இப்ப பென்சன். கனகாலத்துக்கு முன்னம் ஆரோ இந்தக் காட்டுக்கை வான்கோழிகளைக் கொண்டுவந்து விட்டவையாம். அதில மிஞ்சினது இந்த ஒரு சேவலும் கொஞ்சப் பேடுகளும்தான். அதுகளுக்குப் பற்றை வளர்க்கிறது, நரி வராமல் பார்க்கிறது, இலைதுளிர் காலத்தில எண்ணுறது, இதுதான் எங்கட வேலை. ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை.

இதில பெரிய பகிடி என்னெண்டால், அந்தப் பிரிவில ஒருத்தரும் ஒரு நாளும் ஒரு வான்கோழியையும் சுடேல்லை. வருஷா வருஷம் கூட்டம் வைச்சு, இந்த முறை எத்தினை சுடலாம் எண்டு வாக்கெடுப்பு நடக்கும். ஒண்டும் இல்லை எண்டு எல்லாரும் கையைத் தூக்குவம். பேந்து அதுக்காக ஒரு சின்னக் கிளாஸ் குடிப்பினம். நான் தோடம்பழச் சாறு. எங்களோட ஒரு பல்லு டொக்டர் இருக்கிறார், அவர்தான் கொம்பு ஊதுறவர். பண்டிக்கு ஒரு ஊதல், மானுக்கு ஒரு ஊதல் எண்டு, வேட்டையில விழுந்த மிருகத்துக்கு மரியாதையா ஊதுறது அவையின்ர வழக்கம். வான்கோழிக்கு ஊதல் இல்லையெண்டு இந்த மனிசன் தானே ஒண்டைக் கட்டி வைச்சிருந்தார். ஒரு வான்கோழியும் சாகாததால அவருக்கு அதை ஊதிப் பார்க்கச் சந்தர்ப்பமே கிடைக்கேல்லை. பாவம், வீட்டில கொம்பின்ர வாயில தலைகாணியை வைச்சுப் பழகுறவராம்.

இப்பிடி இருக்கேக்கை, மேலிடத்துச் சங்கத்தில இருந்து ஒரு ஆள் வந்து சொல்லிப்போட்டுப் போனார். இந்த வருஷமும் குஞ்சு பொரிக்காட்டி வான்கோழிப் பிரிவை மூடிப்போட்டு எங்களைக் காட்டுப்பண்டிப் பிரிவோட சேர்க்கப் போகினமாம். திரும்பி நடக்கேக்கை தலைவி, இந்தக் கோழியள் இல்லாட்டித் தனக்கு டிவிதான் மிச்சம் எண்டு சொன்னா.

அடுத்து நடந்ததுதான் அநியாயம். பங்குனி உத்தரத்தண்டு, சேவல் கூடுற காலம் பார்த்து, அந்த மூதேசி காட்டை விட்டு வெளிக்கிட்டு எங்கட முருகன் கோயிலுக்குப் போயிட்டுது.

எங்கட கோயில் முந்திக் கம்பளம் வித்த மண்டபம். ஒரு பக்கம் டயர் கடை, மற்றப் பக்கம் காடு. வாகனம் நிப்பாட்டுற இடத்தில ஒராள் தன்ர கறுப்புக் காரை மினுக்கி விட்டிருந்தார். சேவல் அதில தன்ர உருவத்தைக் கண்டு, வேற ஒரு சேவல் சண்டைக்கு வந்திருக்கு எண்டு நினைச்சு வாலை விரிச்சுப்போட்டுது. அந்த நேரம் பார்த்து உள்ளுக்கை தீபாராதனை. மேளமும் நாதஸ்வரமும் கெட்டியா எழும்ப, வெளியால இருந்து களகளகள எண்டு மறுமொழி. சனம் திரும்பிப் பார்த்தால், வாசலில தோகை விரிச்சபடி ஒரு பறவை.

அது வான்கோழி எண்டு அங்க நிண்ட எல்லாருக்கும் தெரியும். ஆனால் முருகன் வாசலில, உத்தரத்தண்டு, ஆர் அதை முதல்ல சொல்லுறது? ஒரு அக்கா கும்பிட்டுக் கன்னத்தில போட்டா. பிறகென்ன, எல்லாரும் போட்டினம். குளிருக்கு மயிலின்ர நிறம் மங்கிப்போச்சு எண்டு ஒராள் விளக்கம் சொன்னார். கழுத்தில என்ன சிவப்பாத் தொங்குது எண்டு ஒரு பிள்ளை கேட்டதுக்கு, அது மாலையாம். ரெண்டு நாளையில அதின்ர பேரில அர்ச்சனையும் தொடங்கியாச்சு. நட்சத்திரம் கார்த்திகை.

எங்கட இவர்தான் அதுக்கு முதல் அடியார். காலமை விடிய முன்னம் வாளியில சக்கரைப்புக்கை கொண்டுபோய் வைப்பார். அது கொழுத்து, கார்க் கண்ணாடியில தன்னைப் பார்த்துக்கொண்டு, மேளத்துக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு ராசா மாதிரி இருந்துது. காட்டுக்கை பேடுகள் தனிய நிக்குதுகள். தலைவி ஒவ்வொரு நாளும் பற்றைக்கை கிடந்து பெட்டியை உரஞ்சுறா. நான் இவரோட சண்டை பிடிச்சுப் பார்த்தன். கந்தன்ர காரியத்தில கை வைக்காதை எண்டு சொல்லிப்போட்டுச் சேர்ட்டை மாட்டிக்கொண்டு போயிட்டார்.

கடைசியில தலைவியும் பல்லு டொக்டரும் பச்சை உடுப்போட கோயிலுக்கே வந்திட்டினம். வேட்டைக்காரர் சாமியின்ர மயிலைச் சுட வந்திட்டினம் எண்டு ஒரே அமளி. அவிச்ச கடலைச் சட்டியோட ஒரு அக்கா பறவைக்கு முன்னால போய் நிண்டிட்டா. தலைவி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "நான் என்ர வாழ்க்கையில ஒண்டைக்கூடச் சுடேல்லை எண்டு இவைக்குச் சொல்லுங்கோ" எண்டா. நான் தமிழில சொன்னன்.

"சுடாட்டிப் பேந்து என்ன கோதாரிக்கு வேட்டைக்காரர்?" எண்டார் இவர்.

நியாயமான கேள்விதான். நான் அதைத் தலைவியிட்டை அவையின்ர பாஷையில கேட்டன். வேட்டைச் சட்டத்தில பேர் இருக்கிற மிருகத்தைத்தான் இஞ்ச பராமரிக்க வேணுமெண்டு கடமை இருக்காம். பேர் இல்லாட்டி ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டினமாம். அதால தாங்கள் வேட்டைக்காரராவே இருக்கிறம் எண்டு சொன்னா.

கோயில் ஐயருக்குத்தான் முதல்ல சிரிப்பு வந்தது. நல்ல மனிசன், பகலில ஒரு சாமான் கிடங்கில வேலை, பின்னேரம் பூசை. அவர் விபூதித் தட்டைக் கீழ வைச்சுப்போட்டுச் சொன்னார்: "எங்கட முருகனும் திருவிழாவில வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போறவர்தானே. எந்த வருஷம் என்னத்தைச் சுட்டவர்?"

உண்மைதானே. ஊரில எண்டால் வேட்டைத் திருவிழாவுக்குச் சாமி குதிரையில ஏறி ஊர் எல்லைக்குப் போய் வரும். இஞ்ச வந்தாப்பிறகு டயர் கடையைச் சுத்திப்போட்டு உள்ளுக்கை வந்திடுவம். காட்டுக்குப் போறதுக்கு எங்களை ஆர் விட்டது? ஐயர் இந்த முறை சாமியைக் காட்டு வாசலுக்கே கொண்டுபோவம், மயில் வாகனமும் கூட வரட்டும், பிறகு அது எங்க போகுதெண்டு அதின்ர விருப்பம் எண்டார். திருவிழாவுக்கு இன்னும் மாசக்கணக்கு இருக்கெண்டு இவர் இழுத்தார். முருகன் வேடரின்ர பெட்டையைக் கட்டினவர், மாமன் வீட்டுக்குப் போறதுக்கு அவருக்கு நாள் பார்க்கத் தேவையில்லை எண்டு ஐயர் வாயை அடைச்சுப்போட்டார். தலைவி காட்டு அதிகாரியோட கதைச்சு, நாளும் நேரமும் குறிச்சு ஒரு டெர்மினும் எடுத்துத் தந்தா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை வெளிக்கிட்டம். முன்னுக்குச் சாமி, தோளில. அதுக்குப் பின்னால மேளகாரர், பிறகு பச்சைத் தொப்பிக்காரர், பிறகு பட்டுச்சேலைகள். பக்கத்தில இவர் புக்கை வாளியோட. வாளிக்குப் பின்னால சேவல், வடிவா அடி எடுத்து வைச்சு நடந்துது. நாதஸ்வரம் ஒரு அடி வாசிக்க, அது களகள எண்டும். டயர் கடைக்காரர் வெளியால வந்து போனைத் தூக்கிப் பிடிச்சார்.

காட்டு வாசலில நிண்டம். தலைவி கொஞ்சத் தூரம் உள்ளுக்கை போய்ப் பெட்டியை உரஞ்சினா. உள்ளுக்கை இருந்து உண்மையான பேடு ஒண்டு குரல் குடுத்துது. சேவல் தலையைத் தூக்கிக் காட்டைப் பார்த்துது. பேந்து வாளியைப் பார்த்துது. பேந்து வாளிக்குக் கிட்டப் போய் நிண்டுது.

தலைவி திரும்பவும் உரஞ்சினா. ஐயர் மணியடிச்சார். இவர் வாளியை மூடிப்போட்டு, போ ராசா, போ எண்டு கெஞ்சினார். இவற்ற கண்ணாலயும் தண்ணி ஓடுது. அது அசையேல்லை. அந்தக் கூடுற காலம் இன்னும் கொஞ்ச நாள்தான், பிறகு வந்தும் பிரயோசனம் இல்லை எண்டு பல்லு டொக்டர் என்ர காதுக்கை சொன்னார்.

எனக்கு எங்கேயிருந்து வந்துதோ தெரியாது. முன்னுக்குப் போய், இடுப்பில கையை வைச்சு, தொண்டை கிழியக் கத்தினன்.

"டேய் மூதேசி! உனக்கு வீடு வாசல் இல்லையோ? அங்க ஒருத்தி உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், நீ கோயிலே கதியெண்டு ஓசிப் புக்கை திண்டுகொண்டு நிக்கிறாய்! வெக்கமா இல்லை? போடா வீட்டை!"

நான் ஏசினது வான்கோழியைத்தான், சத்தியமா. ஆனால் சனம் முழுக்கத் திரும்பி இவரைத்தான் பார்த்தது. மேளகாரரும் பார்த்தார்.

சேவல் கழுத்தை நீட்டி ஒரு பெரிய மறுமொழி சொல்லிச்சுது. உள்ளுக்கை பேடு திரும்பக் கூப்பிட்டுது. அது வாலை மடக்கி, வாளியைத் திரும்பியும் பாராமல், பற்றைக்கை ஓடிப் போயிட்டுது. பல்லு டொக்டருக்குத் தாங்கேல்லை. செத்ததுக்கு ஊதுற ஊதல் எண்டு தெரிஞ்சும், கொம்பை எடுத்துத் தன்ர வான்கோழிப் பாட்டை ஊதிப்போட்டார். தவில்காரர் உடன அதுக்குத் தாளம் போட்டார். தலைவி ஒரு மரத்தைப் பிடிச்சுக்கொண்டு அழுதா.

இவர் அண்டைக்கு மத்தியானம் வீட்டை வந்தார். கோயிலில அன்னதானம் நடந்துகொண்டிருக்க, மேசையடியில வந்து இருந்தார். நான் புட்டை வைச்சன். திண்டுபோட்டு, நாளைக்கு எத்தினை மணிக்கு நடக்கப் போறாய் எண்டு கேட்டார்.

ஆனி மாசம் ஒரு காலமை தலைவி போன் எடுத்து, சத்தம் போடாமல் கெதியா வாங்கோ எண்டா. ரெண்டு பேரும் போனம். மரம் ஏத்துற பாதையோரமா அவ குந்தியிருந்தா, கையால மட்டும் காட்டினா. புல்லுக்கை இருந்து ஒரு பேடு தலையை நீட்டி, அங்கையும் இங்கையும் பார்த்து, பாதைக்கு இறங்கிச்சுது. அதுக்குப் பின்னால குஞ்சுகள். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, வந்துகொண்டே இருக்குதுகள்.

பக்கத்தில என்னவோ சரசரத்தது. திரும்பிப் பார்த்தால் இவர் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு நிக்கிறார். நானும் கழட்டினன். ஏன் எண்டு தலைவி கண்ணால கேட்டா. கோயிலில நாங்கள் இப்பிடித்தான் எண்டு மெல்லமாச் சொன்னன். அவ ஒரு கணம் எங்கட கால்களைப் பார்த்தா. பிறகு நிலத்தில இருந்துகொண்டு, தன்ர பெரிய சப்பாத்துகளின்ர நாடாவை அவிழ்க்கத் தொடங்கினா.

"எவ்வளவு நேரம் இப்பிடி நிக்க வேணும்?" எண்டு கேட்டா.

"கடைசிக் குஞ்சு கடக்கும் மட்டும்," எண்டார் இவர்.

சேறு நல்ல குளிர். மூண்டு பேரும் நிண்டம்.