நெடுந்தீவின் உண்ணி டாக்குத்தர்

சோளகக் காற்றால் சில நாட்களாக வள்ளம் ஓடவில்லை. நேற்றுத்தான் முதல் வள்ளம் வந்தது. கரையில் கால் வைக்கும் முன்பே வள்ளக்காரர் பேதுருப்பிள்ளை என்னைக் கண்டுவிட்டார்.

"ஐயா, உங்கட உண்ணி டாக்குத்தர் அக்கரையிலை, கரம்பொனிலை மோசம் போயிட்டார். செத்தவீடும் முடிஞ்சுது."

கடல் மறித்ததால் அவரது முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இத்தீவின் மருந்துச்சாலையை நடத்தும் அப்போதிக்கரியாகிய நான் அவருக்குச் செய்யக்கூடியது இனி இதை எழுதுவதுதான்.

மிருக வைத்தியர் இராசநாயகம் அவர்கள், இந்த உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், மாட்டுக் காய்ச்சலை ஆராய நெடுந்தீவுக்கு அனுப்பப்பட்டார். ஒரு மைக்கிறஸ்கோப், ஒரு சாய்மனைக் கதிரை, பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்கள். அவ்வளவுதான் சாமான். மனைவி காலமாகியிருந்தார், பிள்ளைகள் இல்லை. மாடுகளில் உண்ணி பிடுங்கிப் போத்தலில் இட்டு, வாயைச் சீலையால் கட்டி, அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வரை காத்திருப்பார்.

"உண்ணி குடிக்கிற இரத்தம் பெரிசில்லை, அப்போதிக்கரி. அது கொண்டுவாற கிருமிதான் மாட்டைக் கொல்லுது. தாய் உண்ணியிலையிருந்து முட்டைக்குள்ளாலை குஞ்சுக்கும் போகுது. விளங்குதே உமக்கு?"

எனக்கு விளங்கியது. ஊருக்கு வேறுவிதமாக விளங்கியது. "கிடக்கிற உண்ணி காணாதெண்டு மனுசன் வளக்குது" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஊரார் சேர்ந்து வெளியிலிருந்து ஒரு நல்லினக் காளையை இறக்கினார்கள். மாரி கழிந்து புல் தழைத்த காலத்தில் அதற்குக் காய்ச்சல் கண்டது. மூத்திரம் இரத்தமாகப் போயிற்று, காளை விழுந்தது. ஊர் மாடுகளுக்கோ ஒன்றுமில்லை. போத்தல் உண்ணி தப்பிப் போய்க் காளையைக் கடித்ததென்று தீர்ப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகு வள்ளத்தில் அவர் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. எல்லோரும் மறுபுறம் ஒதுங்க வள்ளம் சரியும்; பேதுருப்பிள்ளை இவர் பக்கம் கல்லேற்றிச் சமப்படுத்துவார். கல்யாணவீட்டுக்கும் அழைப்பில்லை, செத்தவீட்டுக்கும் சொல்லுவாரில்லை. என் குசினியில் சாப்பிடும்போது மட்டும் அவர் வாய் ஓயாமல் கதைப்பார். மற்ற நேரமெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு அது என்று எனக்குத் தெரியும்.

ஒரு மாலை மாட்டுக்காரர் வேலுப்பிள்ளையின் படலையைக் கடந்து நடந்தோம். அவருடைய தகப்பனார் அன்று இறந்திருந்தார். இங்கே மாடுள்ள வீட்டில் சாவு விழுந்தால் அன்று பால் கறப்பதில்லை. கன்றுகளை அவிழ்த்துத் தாயோடு விட்டுவிடுவார்கள். கன்றுகள் குடிப்பதை டாக்டர் சற்று நேரம் நின்று பார்த்தார்.

"நான் செத்தால் ஒரு கண்டுக்கும் வயிறு நிரம்பாது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காளையின் சாவுக்கு அவர் ஒரு காரணம் கண்டிருந்தார். ஊர் மாடு கன்றிலேயே உண்ணிக்கடி பட்டு, காய்ச்சலைத் தாங்கப் பழகிவிடுகிறது. காளை அந்தக் கடியையே அறியாதது. "இதை வாயாலை சொன்னால் ஆர் நம்பும்?" என்றார்.

அவரிடம் ஒரு பசுக்கன்று இருந்தது. ஆராய்ச்சிக்கென்று, பிறந்த நாள் முதல் ஓர் உண்ணியும் படாமல், கல்வேலிக்குள் வைக்கோல் போட்டு வளர்த்தார். அதுவும் வளர்ந்து, இன்னும் ஈனாத நல்ல நாகாயிற்று. செல்லம் என்று பெயர். அந்த வீட்டில் அவர் கதைப்பதற்கு அதைவிட வேறு ஒருவரும் இல்லை. அதைத்தான் ஒரு காலை ஊர் பார்க்க வேலுப்பிள்ளையின் கையில் கயிற்றோடு கொடுத்தார்.

"உங்கட புல்லிலை, உங்கட மாடுகளோடை விடுங்கோ. நான் கிட்டவும் வரமாட்டன்."

சில வாரத்தில் செல்லத்துக்கும் அதே காய்ச்சல், அதே சிவந்த மூத்திரம். அவர் அதன் இரத்தத்தை எடுத்து, வேலுப்பிள்ளையை மைக்கிறஸ்கோப்பின் முன் இருத்தி, சோடி சோடியாய்க் கிடந்த கிருமிகளைக் காட்டினார். காளையின் இரத்தத்தில் இருந்தவையும் இவையே என்றார். அதன் பிறகுதான் ஊசி போட்டார். பிந்திவிட்டது. தலை அவர் மடியில் கிடந்தபடியே அது உயிர்விட்டது.

"மருந்தை முந்தியே போட்டிருக்கலாமே?" என்று நான் ஆத்திரப்பட்டேன்.

"போட்டிருந்தால் பிழைச்சிருக்கும். ஊர் ஒண்டையும் கண்டிராது. காளையைச் சாகடிச்சவன் எண்ட பேரும் போயிராது."

ஊர் நம்பியது. வெளிமாடு வந்தால் அவரைக் கேட்டுத்தான் அவிழ்த்தார்கள். வள்ளத்திலும் பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் முன்போல் கதைக்கவில்லை. செல்லம் நின்ற வெறும் பட்டியின் படலை திறந்தே கிடந்தது. ஓய்வு பெற்றுக் கரம்பொனுக்குப் போனபோது வழியனுப்ப நான் ஒருவன்தான் கரையில் நின்றேன்.

இன்று காலை மருந்துச்சாலைக்குப் பால் வரவில்லை. தேத்தண்ணி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. சிடுசிடுத்தபடி வேலுப்பிள்ளையின் படலைக்குப் போனேன். பால் செம்பு கவிழ்ந்து கிடந்தது.

"இண்டைக்குக் கறக்கேல்லை, ஐயா" என்றார் அவர். "இந்தப் பக்கத்திலை ஒருத்தரும் கறக்கேல்லை."

கல்வேலிக்கு மேலாகப் பார்த்தேன். வளவுக்கு வளவு கன்றுகள் தாய்மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன.

உண்ணி விஷயத்தில் தவறாத நீங்கள், ஐயா, இந்த ஒன்றில் தவறிவிட்டீர்கள். போய் வாருங்கள்.