தவக்காலத்தில் வந்த நாய்

எங்கள் பழைய நாய் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் செத்துப்போனது. அதன் சங்கிலி, தட்டு, சீப்பு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் துடைத்து ஒரு பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மனைவிக்கு முடியவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அவள் கை தானாக ஒரு பிடி சோற்றைப் பிசைந்துவிடும். அதை வைத்துக்கொண்டு பின்வாசலில் நிற்பாள். ஜனவரி முழுக்க அப்படி நின்றாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நாய்க் காப்பகத்திலிருந்து இன்னொன்றைக் கொண்டுவரச் சம்மதித்தேன்.

காப்பகத்தை நடத்தும் பெண்ணே கொண்டுவந்து விட்டார். கனகசெட்டிக்குளம் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே கால் உடைந்து கிடந்ததாம். செம்மண் நிறம். ஒரு காது மடிந்தே இருக்கும்.

“மூணு வாரம் கழிச்சு வந்து பாப்பேன் சார். சாப்பிடாம இளைச்சிருந்தா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். இதுக்கு முன்னாடி ஒரு வீட்ல அப்படித்தான் ஆச்சு” என்றார்.

அவர் வந்தது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு மறுநாள். எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கவுச்சி கிடையாது. திருச்சபைச் சட்டத்தில் மீனுக்குத் தடை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் அப்பா காலத்திலிருந்தே இது வீட்டுச் சட்டம். மீன் சட்டியைப் புளி போட்டுத் துலக்கிப் பரணில் ஏற்றிவிடுவோம். பழைய நாயும் எங்களோடு ஒருசந்தி விரதம் இருந்தது. சாம்பார் சோறோ தயிர் சோறோ, வைத்ததைத் தின்றுவிட்டு ஈஸ்டர் வரை முனகாமல் படுத்திருக்கும். பூசை முடிந்து வெளியே நிற்பவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

புதியது தயிர் சோற்றை மோந்து பார்த்தது. முன்னங்காலால் தட்டைத் தள்ளிக் கவிழ்த்தது.

“பசிச்சா தானா தின்னும்” என்றேன்.

தின்னவில்லை. பருப்பு சோறு, இட்லி, பாலில் ஊறவைத்த ரொட்டி எதையும் தொடவில்லை. கடையில் விற்கும் நாய்த்தீனி வாங்கிவந்தேன். அதை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் என் செருப்புக்குள் போட்டுவைத்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா குழாயடியில் கழுவிவைத்திருந்த சங்கரா மீனில் இரண்டைக் கவ்விக்கொண்டு மதிலைத் தாண்டி வந்தது. உடைந்து சேர்ந்த காலோடு எப்படித் தாண்டியதோ. அந்த அம்மா கத்தியும் கையுமாகப் பின்னாலேயே வந்தார்.

“ஏன் சார், வாயில்லா ஜீவன பட்டினி போட்டா அது திருடாம இன்னா பண்ணும்?”

“பட்டினி போடலம்மா. தவக்காலம். எங்க பழைய நாய் விரதம் இருக்கலியா?”

அவர் கத்தியை மதில்மேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அதுவா? நல்லா இருந்துச்சே! தெனம் எங்க வூட்டுப் பின்னாடி வந்து குந்திக்கும். நாலு மீன் தலை போட்டாத்தான் எழுந்து போவும். அப்புறம் உங்க வூட்ல போய் சாம்பார் சோத்த சாமியார் மாதிரி தின்னும்.”

“இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?”

“நீங்க ஊர் பூரா பெருமை அடிச்சிக்கினு இருந்தீங்க. நா எதுக்கு அதக் கெடுக்கணும்?”

மனைவி படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அது சிரித்து வந்த தண்ணீர்தானா என்று எனக்கு உறுதியில்லை. என்னால் சிரிக்க முடியவில்லை. செத்துப்போன நாயின் மேல் கோபம் வந்தால் அதை யாரிடம் காட்டுவது?

மறுநாள் மீன் வாங்கப் போனேன். நாங்கள் இருக்கும் சாரம் பகுதியில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்கு வண்டியை விட்டேன். காரப்பொடி என்கிற பொடி மீன் அரைக்கிலோ. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பையை நீட்டும்போது முதுகில் ஒரு கை விழுந்தது. கோயில் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர்.

“என்னப்பா, உங்க வூட்ல மட்டும் ஈஸ்டர் முன்னாடியே வந்துடுச்சா?”

“நாய்க்கு.”

“நாய்க்கா!” என்றவர் மீன்காரம்மாவிடம் திரும்பினார். “கேட்டியாம்மா, நாய்க்காம். நல்லதாப் பாத்துப் போடு, நாய் கண்ணாடி போட்டுக்கினு நிக்குது.”

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை தொடங்குவதற்குள் பாடகர் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது.

“சமையல்கட்டுல கூடாது” என்றாள் மனைவி. அதனால் மொட்டைமாடி. மின்சார அடுப்பு, அதற்கு நீள ஒயர், ஒரு பழைய அலுமினியச் சட்டி. மீன் கொதிக்கும் முன்பே காக்காய்கள் வந்துவிட்டன. ஒரு கையில் குடை பிடித்து விரட்டிக்கொண்டே இன்னொரு கையால் கிளறினேன். காரப்பொடியில் சதையைவிட முள்தான் அதிகம். ஒவ்வொன்றாக முள் எடுத்தேன். மீன் என்றால் எனக்கு உயிர். விரலில் ஒட்டியதை நக்காமல் இருக்க நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். நாய் எதிரில் உட்கார்ந்து, மேஸ்திரி வேலையை மேற்பார்க்கிற மாதிரி பார்த்தது. சோற்றோடு பிசைந்து வைத்ததும் தட்டு நகர நகர நக்கித் தின்றது. பிறகு சட்டிக்குள் தலையை விட்டது.

அன்றிலிருந்து ஆபீஸுக்குக் கிளம்பும் முன் தினமும் இதே வேலை. சட்டையில் மீன் வாடை. தினமும் மார்க்கெட்டுக்கு ஓட முடியாது என்று மனைவியோடு சண்டை போட்டு, ஃப்ரிட்ஜில் அடித்தட்டை மட்டும் மீனுக்கென்று வாங்கிக்கொண்டேன்.

சொன்னபடி காப்பகத்துப் பெண் வந்தார். நாயின் முதுகைத் தடவி, “சதை போட்டிருக்கே!” என்றார். நான் அதோடு விடவில்லை. மதில் தாண்டுவது, செருப்பு, காக்காய், ஒயர், பாடகர் குழு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மனைவி நாயின் மடிந்த காதைப் பிடித்தபடி தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், உங்களுக்கு இவ்ளோ கஷ்டம்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடறேன். நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்.”

மனைவியின் கை காதிலேயே நின்றுவிட்டது.

“கூட்டிட்டுப் போயிடறீங்களா?” என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. “ஃப்ரிட்ஜில ஒரு கிலோ காரப்பொடி கெடக்குது. அத யாரும்மா தின்றது?”