கூரை மேல் போன பல்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்த வருடங்களில், நாளைக்கு ரோட்டை மறிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே எங்கள் ஊரில் எல்லோரும் அரிசிக்கும் சீமெண்ணெய்க்கும் ஓடுவார்கள். நான் கிராம்பு எண்ணெய்க்கு ஓடுவேன்.

பட்ட பாடு அப்படி. முந்தின மறியலின்போது எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. நாங்கள் இருந்தது கல்வராயன் மலையடிவாரத்தில். பல் டாக்டர் இருந்தது கள்ளக்குறிச்சியில். நடுவில் பஸ் இல்லை. புகையிலையை அடக்கிக்கொள் என்றார் ஒருவர், சுடச்சுட உப்பு ஒத்தடம் கொடு என்றார் இன்னொருவர். கன்னம் பணியாரம் மாதிரி உப்பியதுதான் மிச்சம். பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்ப் பல்லை எடுத்துக்கொண்டேன். இனி வீட்டில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரை நச்சரித்துக் கேட்டும் வந்தேன்.

அப்படி உருவானதுதான் என் பிஸ்கட் டப்பா. கிராம்பு எண்ணெய், பஞ்சு, வெள்ளைத் துணி, வலி மாத்திரை, உப்பு. மாத்திரையை விழுங்க வேண்டும், ஈறில் வைத்தால் வெந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவர்களுக்குப் பல் அடிபட்டு விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, உடனே கொண்டுவந்தால் திரும்பப் பொருத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னார். இதை நான் வீட்டில் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. என் வீட்டுக்காரர், "பல்லு இன்னா பிஸ்கோத்தா, பால்ல நனைக்க?" என்றார்.

அடுத்த மறியல் வந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ரோடு திறந்ததும் என் நாத்தனாரைப் பெண் பார்க்கச் சின்னசேலத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை.

மறியல் முடிவதற்குள் ஒருநாள் காலை நாத்தனார் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கை வழுக்கியது. பம்பின் கைப்பிடி துள்ளி வாயில் அடித்தது. முன்பல் ஒன்று வேரோடு தரையில் கிடந்தது. நான் அவள் வாயில் துணியை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, பாலுக்காக உள்ளே ஓடினேன்.

தூக்குவாளியில் பாலோடு வந்து பார்த்தால் பல்லைக் காணோம். மாமியார் கையில் சாணி.

"அத்தை, பல்லு எங்க?"

"ஓட்டு மேல போட்டேன்."

ஐந்து பிள்ளை பெற்றவர். எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தாலும் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்தே பழகிய கை. பதற்றத்தில் தானாகவே எறிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் தூக்கைத் தரையில் அடித்திருப்பேன். பால் சிந்துமே என்றுதான் அடிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஓட்டின் மேல் ஏறிச் சாணி உருண்டையைத் தேடி எடுத்தார். பல்லை அலசிப் பாலில் போட்டோம். அவர் சைக்கிள் மிதிக்க, நாத்தனார் பின்னால் தூக்கோடு உட்கார்ந்து போனாள். மரம் கிடந்த இடத்தில் மறியல்காரர்கள் நிறுத்தியிருக்கிறார்கள்.

"தூக்குல இன்னா?"

"பல்லுங்க," என்று இவள் வாயைத் திறந்து காட்டியதும், கேட்டவரே சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டாராம்.

டாக்டர் தூக்கைப் பார்த்தார், கதையைக் கேட்டார். சாணியில் கிடந்ததைப் பொருத்த முடியாது என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

ரோடு திறந்தது. சின்னசேலத்துக்காரர்கள் வந்தார்கள். வாயைத் திறக்காமல் காபி கொடுத்துவிட்டு வா என்று நான்தான் நாத்தனாருக்குச் சொல்லியிருந்தேன். அவள் வெளியே வருமுன்பே மாமியார் எழுந்து நின்றார். செய்த தப்பை அவர் ஒப்புக்கொண்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"பொண்ணுக்கு முன்பல்லு ஒண்ணு இல்லீங்க. பம்பு அடிச்சி வுழுந்துச்சி. டாக்டரு திரும்பப் பொருத்தி வச்சிருப்பாரு. நான்தான் சாணியில வச்சி ஓட்டு மேல போட்டுட்டேன். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "நானா இருந்தாலும் அங்கதாங்க போட்டிருப்பேன்," என்றார்.

அந்த இடமே அமைந்தது. கட்டுப்பல்லும் கட்டியாயிற்று. சீர் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, என்னைக் கேட்காமலே மாமியார் என் பிஸ்கட் டப்பாவையும் எடுத்து மகள் மடியில் வைத்தார்.

"பால்ல போடுடி," என்றார். "எங்கிட்ட மட்டும் குடுத்துராத."